முன்வாசல் மூட்டை

குணவதியைப் போன வாரம் பின் சந்தில் நிற்க வைத்துவிட்டு வந்தோம். தலையில் முக்காடு, இடுப்பில் ஒரு பொட்டலம், எதிரே கடை வண்டிக்கார வேலு. "என்ன அக்கா, இந்தப் பக்கம்?" என்று அவன் கேட்டதோடு நிறுத்திவிட்டேன். ஒரு வாரமாக அந்த மனுஷி பதில் சொல்ல முடியாமல் அங்கேயே நிற்கிறாள், பாவம்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. ராமதாஸ் பினாங்கில் ஒரு கப்பல் ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஈயம் விலை போகவில்லை, ரப்பர் விலை போகவில்லை, கப்பலில் ஏற்றச் சரக்கும் இல்லை. ஆபீஸில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மிச்சப் பேருக்குப் பாதிச் சம்பளம் என்று துரை சொல்லிவிட்டார். ராமதாஸின் மனைவிதான் குணவதி. ஒரே மகள் சந்திரிகா, கல்யாணத்துக்கு நிற்கிறாள். ஆர்கைல் ரோட்டுக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில் குடித்தனம். வரிசை முழுக்கக் கிராணிமார் வீடுகள்தான்.

அந்த வரிசைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒண்ணாம் தேதியானால் மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலிருந்து நாகூர் மீரான் கடைக் கைவண்டியை வேலு இழுத்து வருவான். அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் வாசலில் இறங்கும். யார் வீட்டு வாசலில் இறங்குகிறது என்று பெண்டுகள் எல்லாரும் பார்ப்பார்கள். மாதத்துக்கு ஒரு தடவை மூட்டையாக வாங்கினால் அது கிராணி வீடு. அன்றாடம் பொட்டலம் வாங்கினால் அது கூலி வீடு. எவனும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் சர்க்கார் சட்டத்துக்குக்கூட அத்தனை பேர் அப்படிப் பயந்ததில்லை.

பாதிச் சம்பளம் ஆரம்பித்த நாளிலிருந்து குணவதி எல்லா விதமாகவும் செய்து பார்த்துவிட்டாள். மூட்டையாக வாங்கினால் அள்ளுகிற கை தாராளமாகிவிடுகிறது. கேட்கிறவர்களுக்கு ஒரு படி, வந்தவர்களுக்கு ஒரு பிடி. வாரத்துக்கு ஒரு தடவை வாங்கிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை வாங்கினது வியாழக்கிழமை அடி தட்டிவிட்டது. கடைசியில் அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கு ரொக்கம் கொடுத்து வாங்க ஆரம்பித்தாள். அப்போதுதான் கட்டுப்படியாயிற்று. பக்கத்தில் வாங்கினால் பார்த்துவிடுவார்களே! அதனால் விடியும்போதே கக்கூஸ் வாளி எடுக்க ஆள் வருகிற பின் சந்து வழியாக, துறைமுகப் பக்கத்தில் தவுக்கே என்று கூப்பிடுகிற சீன முதலாளி கடைக்கு. அங்கே படகுக் கூலிகளும் ரிக்‌ஷாக்காரர்களும்தான் நிற்பார்கள். முதல் நாள் ஒரு கூலிக்காரப் பெண் இவளைப் பார்த்துவிட்டு, "புதுசு போல, முன்னாடி விடுங்க" என்று வழி விட்டாள். அந்த இரக்கத்தை நினைத்தால் குணவதிக்கு இன்றைக்கும் காது சுடும்.

சரி, இனி சந்துக்கு வருவோம்.

"சும்மாதான் வேலு. கோயிலுக்குப் போய்ட்டு வர்றேன்."

வேலு பொட்டலத்தைப் பார்த்தான். சுற்றியிருந்த தாளில் சீன எழுத்து. எந்தக் கோயிலில் அரிசியைப் பொட்டலம் கட்டித் தருகிறார்கள் என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நல்லவன்.

"அக்கா, இன்னைக்கு ஒண்ணாம் தேதி. போன மாசமே உங்க வாசலுக்கு வண்டி வரல."

"இந்த மாசமும் வேண்டாம் வேலு."

"மூட்டை வாங்க வேண்டாம் அக்கா. வண்டி மட்டும் வந்தா போதும்லா?"

அவளுக்குப் புரியவில்லை. அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"முன்வாசல்ல நான் இறக்குறேன். எல்லாரும் பார்க்கட்டும். கூடத்துல கொஞ்ச நேரம் கிடக்கட்டும். அப்புறம் பின்வாசல்ல வந்து ரெண்டு தட்டு தட்டுவேன். மூட்டையைத் திருப்பிக் குடுத்துடுங்க. தையலை மட்டும் பிரிச்சிடாதீங்க அக்கா. பிரிச்சா கடையில திருப்பி வைக்க முடியாது."

"மீரான் பாய்க்குத் தெரியுமா?"

"அவர்தான் சொன்னார். வண்டி ஓடலேன்னா கடை படுத்துடுச்சுன்னு பாசார்ல பேச ஆரம்பிச்சுடுவாங்களாம். அவர் மானம் அவருக்கு."

"வேற யாராவது இப்படி..."

"ஒரு வீட்டுக் கதையை இன்னொரு வீட்டுல சொல்ற பழக்கம் எனக்கு இல்லக்கா."

குணவதிக்கு உடம்பெல்லாம் கூசியது. வண்டி இழுக்கிறவன் இரக்கப்பட்டு யோசனை சொல்கிற நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று இருந்தது. அதைவிடக் கேவலம், அந்த யோசனையைக் கேட்டதும் மனசு லேசாகிவிட்டது. சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தாள்.

கூடத்தில் ராமதாஸ் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றார். முழங்கைப் பக்கம் நைந்துபோன கோட்டு. கையை மடக்கியே வைத்திருப்பார்.

"வண்டி வருதா, இல்லையா?"

"முதல்ல காப்பியைக் குடிங்க."

"போன மாசம் ஏன் வரலேன்னு கேட்டவங்ககிட்ட, ரெண்டு மாசத்துக்குச் சேர்த்து வாங்கிட்டோம்னு சொல்லி வச்சிருக்கேன். இந்த மாசமும் வரலேன்னா என்ன சொல்றது?"

"உள்ளதைச் சொல்லுங்க."

"நல்ல நாள் பார்த்தே! சாயங்காலம் தங்கராஜு வீட்டுலேர்ந்து பூ வைக்க வர்றாங்க. உள்ளதைச் சொல்ற நாளா இது?"

தங்கராஜு கடைசி வீட்டுப் பையன். ஒரு ஈயக் கம்பெனி ஆபீஸில் கிராணி. அப்பா இல்லை, அம்மா மரகதம் மட்டும்தான். தினமும் காலையில் கோட்டும் டையுமாக அவன் நடந்து போவதைச் சந்திரிகா மாடி ஜன்னலிலிருந்து பார்ப்பாள். அவள் பார்ப்பது அம்மாவுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டாள்.

"மூட்டையா வாங்கினா வாடகை எங்கேர்ந்து வரும்? தினம் வாங்கினாத்தான் கட்டுப்படியாகுதுங்க. உலைக்கு என்ன வேணுமோ அதுதான் வீட்டுக்குள்ள வருது. வீணாப் போறதுன்னு ஒரு பருக்கை கிடையாது."

"தினம் கடைக்கு ஓடுறவ கிராணி பொண்டாட்டியா?"

கேட்டுவிட்டார். குணவதிக்குச் சுருக்கென்றது. விடியற்காலையில் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தச் சந்தில் நடப்பது யாருக்காகவாம்?

"கிராணி வீட்டுல மட்டும் பசி மாசத்துக்கு ஒரு தடவையா வருது?"

ராமதாஸ் காலரைச் சரிசெய்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்கும் சகிக்கவில்லை.

"வண்டி வரும். நீங்க போய்ட்டு வாங்க."

எப்படி வரும் என்று கேட்கவேண்டியவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடுமே! வாசல்படி இறங்கினவர் திரும்பிப் பார்த்து, "மத்தியானத்துக்குச் சோறு அனுப்ப வேண்டாம். ஆபீஸ்ல எனக்குப் பசிக்கிறதே இல்ல" என்றார். அதுவும் ஒரு பொய்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் பசிக்கவில்லை என்று சொன்னதே இல்லை.

வெயில் ஏறினதும் வண்டி வந்தது.

வேலுவின் தொண்டையைப் பற்றி என்ன சொல்ல! "ராமதாஸ் ஐயா வீட்டு அரிசி! ரங்கூன் அரிசி! வழி விடுங்கம்மா!" என்று அவன் போட்ட சத்தத்தில் எதிர்வரிசை ஜன்னல்கள்கூடத் திறந்துகொண்டன. வாசலில் நின்ற பெண்டுகள் பார்த்தார்கள். ஒருத்தி புன்னகை செய்தாள், இன்னொருத்தி உள்ளே போய்விட்டாள். மூட்டை வேலுவின் தோளில் ஏறி, வாசல் தாண்டி, கூடத்துச் சுவரோரம் தொப்பென்று உட்கார்ந்தது.

குணவதியின் முதுகு தானாக நிமிர்ந்தது. நிமிர்ந்துவிட்டதே என்று உடனே வெட்கமாகவும் இருந்தது. இந்த வீட்டில் ஒரு மணி நேரம்கூடத் தங்கப் போகாத அரிசிக்கு இவளுக்கு என்ன பெருமை?

மாடியிலிருந்து சந்திரிகா ஓடி வந்தாள். மூட்டையைப் பார்த்ததும் அவள் கண்கள் விரிந்தன.

"மூட்டையே வாங்கிட்டீங்களாம்மா? எனக்காகவா?"

நிஜத்தைச் சொல்லியிருக்க வேண்டும். குணவதி சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வாசலில் குரல் கேட்டது.

"குணவதி, உள்ளே வரலாமா?"

மரகதம்! கையில் வாழையிலைக்குள் சுற்றின மல்லிகைச் சரம். பட்டுப் புடவை இல்லை, துவைத்துத் துவைத்துக் கசங்கின வாயில் புடவை. சம்பந்தம் பேச வருகிறவள் கோலம் அது இல்லை என்று குணவதிக்குத் தோன்றத்தான் செய்தது. யோசிக்க நேரம் இல்லை.

"வாங்க அக்கா. சாயங்காலம்னு சொன்னீங்களே?"

"சாயங்காலம் ஆம்பளைங்க உட்கார்ந்து பேசிக்கட்டும். பூவை நாம இப்பவே வச்சுடலாம்னு தோணுச்சு. வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் வந்துடும், அதுக்குள்ள முடிச்சுடலாம்."

சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் பார்வை மூட்டை மேல் போய் நின்றது. பெண்ணைப் பார்க்கவில்லை, வீட்டைப் பார்க்கவில்லை. மூட்டையையே பார்த்தாள். குணவதிக்குக் கை கால் ஓடவில்லை. மதிப்புப் போடுகிறாள் என்று நினைத்தாள். இனி வேலு வந்து தட்டினால் என்ன செய்வது? சம்பந்தியின் கண் முன்னால் மூட்டையைப் பின்வாசல் வழியாகத் தூக்கி அனுப்ப முடியுமா?

"காப்பி போட்டு எடுத்துட்டு வர்றேன் அக்கா" என்று சமையலறைக்குள் ஓடினாள். அன்றைக்கு வாங்கின சீனிப் பொட்டலம் இரண்டு கோப்பைக்குத்தான் வரும். தனக்கும் மகளுக்கும் வேண்டாம் என்று வைத்துவிட்டு, சீனியைப் போட்டாள்.

கூடத்தில் சந்திரிகாவின் குரல் கேட்டது.

"நிறைபடி வைக்காம எப்படி அத்தை பூ வைக்கிறது? இருங்க, படியை எடுத்துட்டு வர்றேன். புது மூட்டை, முதல் அரிசி."

படியில் தளும்பத் தளும்ப அரிசி அளந்து வைத்து, அதன் முன்னால்தான் பூ வைப்பார்கள். நல்ல காரியத்துக்கு அது இல்லாமல் முடியாது. பொட்டலம் வாங்குகிற வீட்டில் ஒரு படி அரிசி ஒரே நேரத்தில் ஏது? அதை நினைத்துத்தான் சந்திரிகா இரண்டு நாளாகக் கவலைப்பட்டிருக்கிறாள். இப்போது மூட்டையே வந்துவிட்டதே! கத்தியை எடுத்துத் தையலில் வைத்துவிட்டாள்.

"பிரிக்காதே!"

அலறினது குணவதி இல்லை. மரகதம்.

குணவதி காப்பியை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தாள். மரகதம் நாற்காலியை விட்டுப் பாய்ந்து மூட்டையின் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். விரல் இடுக்கில் அரிசி பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது. சந்திரிகா கத்தியோடு திகைத்து நின்றாள்.

"ஏன் அத்தை?"

"அது... வெள்ளிக்கிழமை... வெள்ளிக்கிழமையில மூட்டை பிரிக்கக் கூடாதும்மா."

எந்தப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறதோ தெரியவில்லை.

அப்போதுதான் பின்வாசலில் தட்டு கேட்டது. இரண்டு தட்டு.

குணவதி திரும்பினாள். மரகதமும் திரும்பினாள். வேற்று வீட்டுப் பின்கதவை யாரோ தட்டினால் வந்த விருந்தாளி ஏன் திரும்பவேண்டும்? அந்த இரண்டு தட்டு எதற்கு என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. குணவதி மரகதத்தின் முகத்தைப் பார்த்தாள். மரகதம் இவள் முகத்தைப் பார்த்தாள். இரண்டு முகத்திலும் ஈயாடவில்லை.

"அடுத்தது எங்க வீடு" என்றாள் மரகதம். குரல் எழும்பவே இல்லை. "வண்டியில இருந்தது ஒரே மூட்டை. அது உங்க வீட்டுல இறங்கினதும் பயந்துட்டேன். நல்ல நாளாச்சே, பிரிச்சுக்கிட்டா எங்களுக்கு மூட்டை வராதேன்னுதான் பூவை எடுத்துக்கிட்டு ஓடி வந்தேன். ராகு காலமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"உங்க வீட்டுக்குமா அக்கா?"

"தங்கராஜுவுக்கும் பாதிச் சம்பளம்தான். ரெண்டு மாசமாச்சு. வெளியில சொல்லல."

"நாங்களும் சொல்லல."

சந்திரிகா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் கையிலிருந்த கத்தியைப் பார்த்தாள். "இது நம்ம மூட்டை இல்லையாம்மா?" என்று கேட்டாள். குணவதி கீழே சிதறின அரிசியைப் பொறுக்க உட்கார்ந்துவிட்டாள். பெற்ற மகளின் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் திராணி இல்லை. மரகதமும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினாள்.

பொறுக்கிக்கொண்டே மரகதம் கேட்டாள்.

"நீ எத்தனை நாளைக்கு ஒரு தடவை வாங்குறே?"

"தினம்."

"தினமுமா? எங்கே?"

"துறைமுகப் பக்கம். தவுக்கே கடையில."

"நான் வாரத்துக்கு ஒரு தடவை வாங்குறேன். வியாழக்கிழமை ஆனா ஒண்ணும் மிஞ்சுறதில்ல. வெள்ளிக்கிழமை விரதம்னு சொல்லிக்கிறேன்."

"தினம் வாங்குங்க அக்கா. வீட்டுல இருந்தாத்தானே கை நீளும்? தினம் வாங்கினா மிச்சமாகும்."

"தினம் போனா யாராவது பார்த்துடுவாங்களே!"

"முக்காடு போட்டுக்குங்க. அங்க நம்ம ஆளுங்க வரமாட்டாங்க."

சிரிப்பு வருகிறதா உங்களுக்கு? அவர்களுக்கு வரவில்லை. சம்பந்திகள் இரண்டு பேர் தரையில் உட்கார்ந்து, யாருடைய அரிசியையோ பொறுக்கிக்கொண்டு, எப்படி ஒளிந்துகொண்டு கடைக்குப் போவது என்று பேசிக்கொள்கிறார்கள்.

மறுபடியும் இரண்டு தட்டு.

"நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன்" என்று எழுந்தாள். பின்கதவைத் திறந்து சந்தில் இறங்கிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வேலு பதைப்போடு நின்றான்.

"என்னக்கா இவ்வளவு நேரம்? இன்னும் வீடுங்க பாக்கி இருக்கு. கடையில ஒரே ஒரு மூட்டைதான் குடுத்திருக்காங்க."

"பிரிஞ்சுபோச்சு வேலு. தெரியாம என் மக பிரிச்சுட்டா."

"ஐயோ! மீரான் பாய்கிட்ட நான் என்ன சொல்லுவேன்?" தலையில் கை வைத்துக்கொண்டு பின்னால் திரும்பினான். "தம்பி, தூக்க வேண்டாம். மூட்டை வராது."

அப்போதுதான் இன்னொரு ஆள் இருப்பதைக் குணவதி பார்த்தாள். வண்டிக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். கோணிப்பையை மடித்துத் தலையோடு போர்த்தியிருந்தான். கீழே கூலிக்காரன் கட்டுகிற வேட்டி இல்லை; இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டை. முட்டிவரை சுருட்டிவிட்டிருந்தான்.

அந்தக் கால்சட்டை வரிசை வீட்டு முன்னால் தினமும் காலையில் நடந்து போவதை அவளும்தான் பார்த்திருக்கிறாள்.

"தங்கராஜு?"

அவன் திரும்பவில்லை. வேலு மெதுவாக நாலடி தள்ளிப் போய், வண்டிச் சக்கரத்தைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டான்.

"தங்கராஜு, நீயாப்பா?"

திரும்பினான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தான். வியர்வையா கண்ணீரா என்று தெரியாத முகம்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க அத்தை."

"என்ன இது? ஆபீஸ்?"

"ரெண்டு மாசமாச்சு. சீட்டைக் கிழிச்சுட்டாங்க. அம்மாகிட்ட பாதிச் சம்பளம்னு சொல்லியிருக்கேன். கடிகாரம், மோதிரம் எல்லாம் வித்து அதைக் கொண்டுபோய்ச் சம்பளம்னு குடுத்தேன். இனிமே விக்க ஒண்ணும் இல்ல. மீரான் பாய்கிட்ட போய் வேலை கேட்டேன். இன்னைக்குத்தான் முதல் நாள். முதல் நாளே நம்ம வரிசைக்கு அனுப்புவாங்கன்னு நான் நினைக்கல. முன்பக்கம் வர மாட்டேன்னு இங்கேயே நின்னுட்டேன்." மூச்சு வாங்கினான். "எங்க வீட்டுக்கும் இதே மூட்டைதான்னு இப்பத்தான் வேலு அண்ணன் சொன்னார். அம்மா இப்படியெல்லாம் செய்றாங்கன்னு எனக்குத் தெரியாது அத்தை."

குணவதிக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. வேலை இல்லாதவனுக்கா என் பெண்ணைக் கொடுக்க இருந்தேன்? இன்னும் கொஞ்சம் விட்டால் பூ வைத்து முடிந்திருக்குமே!

"சந்திரிகாவை என்ன பண்றதா இருந்தே? கல்யாணம் ஆனப்புறம் சொல்லலாம்னா?"

"சாயங்காலம் மாமாகிட்ட சொல்லணும்னு நினைச்சேன்."

"நிஜமா சொல்லியிருப்பியா?"

அவன் சுருட்டின கால்சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டான்.

"தெரியல அத்தை. தினம் காலையில இன்னைக்குச் சொல்லிடலாம்னுதான் கிளம்புவேன்."

திட்ட வாயைத் திறந்தாள். என்ன சொல்லித் திட்டுவது? பொய் சொன்னாய் என்றா? ஊருக்குப் பயந்தாய் என்றா? அவள் வீட்டுக் கூடத்தில் கிடக்கிற மூட்டைக்கு என்ன பெயர் வைப்பது? திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"இங்கேயே நில்லு. போயிடாதே" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

கூடத்தில் மரகதம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சந்திரிகா தலையைக் குனிந்து பக்கத்தில் நின்றாள். படி காலியாகவே இருந்தது.

"வேலு என்ன சொன்னான்?"

"மீரான் பாய்கிட்ட நான் பேசிக்கிறேன் அக்கா."

"குணவதி, ஒண்ணு சொல்றேன் கேளு. நமக்குள்ள தெரிஞ்சது நமக்குள்ளயே இருக்கட்டும். உங்க வீட்டுல பாதி, எங்க வீட்டுல பாதி. என் பிள்ளைக்கு உத்தியோகம்னு ஒண்ணு இருக்கு. அது போதும், எப்படியாவது ஓட்டிடலாம். நிறைபடி இல்லாட்டிப் போகுது. பூவை வச்சுடலாமா? உன் பொண்ணு எனக்கு வேணும்."

உத்தியோகம்னு ஒண்ணு இருக்கு! சொன்னால் இந்த அம்மாள் இந்த நாற்காலியிலேயே நொறுங்கிப் போய்விடுவாள். சொல்லாவிட்டால் சந்திரிகா குனிவாள், பூ ஏறும், பிறகு ஆயுசு முழுக்க இவளும் முக்காடு போட்டுக்கொண்டு ஏதாவது ஒரு சந்தில் நடப்பாள். ராமதாஸ் இருந்தால் என்ன சொல்வார் என்று குணவதிக்குத் தெரியும். முதலில் பூவை வை, மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பார். இத்தனை நாள் அவளும் அப்படித்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மரகதம் சரத்தைப் பிரித்துக் கையில் எடுத்தாள். சந்திரிகா குனியப் போனாள்.

"இரு சந்திரிகா."

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

"பூவை வாங்கிக்கிறதுக்கு முன்னாடி பின்வாசலுக்குப் போய்ட்டு வா."

"எதுக்கும்மா?"

"அங்க ஒருத்தர் நிக்கிறார். அவர்கிட்ட கேளு. அவர் என்ன சொல்றாரோ அதைக் கேட்டுட்டு வா. உனக்குச் சம்மதம்னா வந்து குனி. இல்லேன்னா குனியாதே. அப்பா என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கிறேன். நான் இதுல ஒண்ணும் சொல்ல மாட்டேன். சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல."

சந்திரிகா ஒரு நிமிஷம் அம்மாவையே பார்த்தாள். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறைப் பக்கம் போனாள்.

"யாரு நிக்கிறா?" மரகதம் எழுந்தாள். "குணவதி, பின்னால யாரு?"

"நீங்க போக வேண்டாம் அக்கா. உட்காருங்க." குணவதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பின்கதவின் தாழ்ப்பாள் விழுந்தது. சந்தில் சந்திரிகா ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள் என்று கூடத்துக்குக் கேட்கவில்லை. பிறகு ஒரு ஆண்பிள்ளையின் குரல் பதில் சொல்ல ஆரம்பித்தது. மெதுவான குரல்தான், வார்த்தை ஒன்றுகூடப் புரியவில்லை.

பெற்றவளுக்கு வார்த்தை எதற்கு? மகன் ஆபீஸில் இருக்க வேண்டிய நேரம் அது. மரகதம் குணவதியின் கையை உதறவில்லை. கையிலிருந்த பூவோடு அப்படியே முகத்தை மூடிக்கொண்டாள்.